தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்

தை மாதத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியம் என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. படிப்பிலும் விளையாட்டிலும் பெயர் எடுத்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். அதில் ஒருவன் என் பெரியம்மாவின் ஊர்ப் பையன். இப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கிறான். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பத்தாவது முடித்த வருடம், ஒரு பழைய பட்டன் போனை வைத்து, வீட்டிலிருந்தபடியே கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்தவன். ஊரில் பதினோரு கிணறுகளில் இன்று அவன் பெட்டிதான் தொங்குகிறது. சிறப்பு விருந்தினர் அவனுக்குச் சால்வை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். “பின்தங்கிய மாவட்டம் என்று சொல்கிறார்கள். சேற்றில் முளைத்த செந்தாமரை இந்தப் பிள்ளை. யாருடைய உதவியும் இல்லாமல், தானாகவே கற்றுக்கொண்டு, விடாமுயற்சி ஒன்றை மட்டுமே துணையாகக் கொண்டு சாதித்திருக்கிறான்” என்றார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

விழா முடிந்து எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். கேடயத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தான். “அக்கா, அவரு யாரு உதவியும் இல்லாமன்னு சொன்னப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆயா கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க. நிமிந்து அவங்களப் பாக்கவே முடியல” என்றான். ஆயா என்று அவன் சொல்வது என் பெரியம்மாவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மண்டபத்தில் பெரியம்மா இருந்தார். என் அப்பா இருந்தார். பையனின் அம்மா, கூலிக்குப் போகாமல் ஒரு நாளை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரே வாக்கியத்தில் மூன்று பேரையும் துடைத்துப் போட்டாயிற்று. அதற்குத்தான் நானும் கைதட்டியிருக்கிறேன்.

பேசியவர் நல்ல மனசோடுதான் பேசினார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. இந்த எண்ணைக் கேட்காத மேடை எங்கள் மாவட்டத்தில் கிடையாது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தால் அதிசயம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தாமரை எதைச் சாப்பிட்டு வளர்ந்தது? இந்தப் பையன் வளர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி கரண்ட்

பெரியம்மாவின் ஊர் மாரண்டஅள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி போகும் பக்கம். பெரியப்பா போன பிறகு இரண்டு ஏக்கரில் ஒன்றைத் தானே வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பையனின் அம்மாவுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். இரண்டிலும் தக்காளி, தக்காளி விலை விழுந்த வருடம் ராகி. கிணறு ஒன்றுதான். மூன்று ஹெச்.பி. மோட்டார். பையனின் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். ஆக, மோட்டார் போடுவது அம்மாவின் வேலை.

மும்முனை மின்சாரம் அப்போது பகலில் 6 மணி நேரம், ராத்திரியில் 3 மணி நேரம் என்ற கணக்கில் வந்துகொண்டிருந்தது. விவசாயம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செடி வாடினால் ராத்திரிக் கரண்டை விட முடியாது. வீட்டிலிருந்து கிணறு அரை கிலோமீட்டர், வரப்பு மேலேயே நடக்க வேண்டும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையில் கோல், ஒரு கையில் சேலைக் கொசுவம். கட்டுவிரியன் நடமாடுகிற நேரம் அதுதான். ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டிலிருந்து யானை இறங்கும். யானைக்குப் பயந்து சிலர் திருட்டுத்தனமாகக் கம்பி வேலியில் கரண்ட் விட்டுவிடுவார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படி ஒரு வேலியில் மாட்டி மூன்று யானைகள் செத்துப்போனதும், இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கம்பிக்கு யானை எது, மோட்டார் போடப் போகிற பெண்பிள்ளை எது என்று தெரியாது. அம்மா கிளம்பிப் போனதிலிருந்து தூங்காமல் படுத்திருப்பானாம். திரும்பி வந்து வாசலில் சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவானாம். இதை அவன் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து.

ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போட்டால் கரண்ட் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடும். வேண்டுமோ வேண்டாமோ ஓடும். கோடையில் அந்தக் கிணற்றில் ஒன்றரை மணி நேரத் தண்ணீர்தான் இருக்கும். அதற்கு மேல் ஓடினால் காற்றைத்தான் இழுக்கும்.

2020-ல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்காமல் எல்லோரும் பாஸ். பதினொன்றாம் வகுப்பு போனில் நடந்தது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அப்பாவோடு பெங்களூரில். ஒருநாள் பெரியம்மா வீட்டு மிக்சியைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டில் எங்கள் கடைக்கு வந்தான். அப்பா முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவர். ஓசூரில் வேலை பார்க்கும் நான், அந்த வருடம் வீட்டிலிருந்தே வேலை என்பதால், கடைக்குப் பின்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். மிக்சி சரியான பிறகும் பையன் போகவில்லை. மூலையில் கிடந்த காயலான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். எரிந்த சோக், பழைய ரேடியோ, உடைந்த ஸ்டெபிலைசர் எல்லாம் அதில் கிடக்கும். அப்பா சொன்னது இதுதான்: “எத வேணா பிரிச்சிக்கோ. பிரிச்சதுல என்னென்ன இருந்துச்சுன்னு சாயங்காலம் எனக்குச் சொல்லிட்டுப் போகணும்.”

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். ஏழெட்டு மாதம் வந்தான். ஒருவேளை அப்பாவுக்கு அந்தச் சாயங்காலப் பேச்சு தேவையாக இருந்திருக்கலாம். கடையில் அந்த வருடம் ஆளே வராது. ஊர்ப்புற நூலக அக்கா, ஐ.டி.ஐ. பிள்ளைகள் படிக்கிற எலக்ட்ரீசியன் புத்தகம் ஒன்றை அவனுக்காகத் தேடி எடுத்துக் கொடுத்து, கெடு தாண்டியும் கேட்காமல் இருந்தார். மத்தியானம் என் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பை அவனிடம் விடுவேன். ரிலே, டிரான்சிஸ்டர் என்று தேடுவான். வருவதெல்லாம் இந்தி வீடியோ. சத்தத்தை அணைத்துவிட்டு, கையை மட்டும் பார்ப்பான். நிறுத்தி நிறுத்தி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைவான்.

முதல் பெட்டி அந்தத் தாள்களிலிருந்துதான் வந்தது. யோசனை எளிது. பட்டன் போனுக்குக் கூப்பிட்டால் அது அதிரும். அதிர்வதற்கு உள்ளே கடுகளவு மோட்டார் ஒன்று இருக்கிறது. அதற்குப் போகிற இரண்டு கம்பியை வெளியே எடுத்து ஒரு டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தான். டிரான்சிஸ்டர், ரிலே என்கிற மின்காந்த சுவிட்சை இழுக்கும். ரிலேயின் இரண்டு முனைகள் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனோடு இணைந்திருக்கும். மிஸ்டு கால் கொடுத்தால் யாரோ பச்சைப் பட்டனை அமுக்கியது போல ஆகும். அவ்வளவுதான். ஒரு டிபன் பாக்சில் வைத்து, பல்லி ஏறாமல் இருக்க நாலு நாப்தலின் உருண்டையும் போட்டு, பெரியம்மா கிணற்று ஷெட்டில் மாட்டினான். கம்பெனி விளம்பரக் கால் வந்தாலும் மோட்டார் ஓடிவிடும் என்பது மூன்றாம் நாள் மத்தியானம் தெரிந்தது. உடனே, சேமித்து வைத்த இரண்டு நம்பருக்கு மட்டும் அதிருமாறு மாற்றினான். அம்மா ராத்திரி படுக்கையிலிருந்தே மோட்டார் போட்டார். இருபது நாள் நன்றாக ஓடியது.

எரிந்த மோட்டார்

2021 பிப்ரவரி. பள்ளி திறந்த வாரம் என்பதால் நினைவிருக்கிறது. விடியற்காலை கிணற்றுப் பக்கம் போன பெரியம்மாவுக்குத் தூரத்திலேயே வாடை அடித்திருக்கிறது. வார்னிஷ் எரிந்த வாடை. அதை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், தொண்டையில் கசக்கும். ராத்திரி ட்ரான்ஸ்பார்மரில் மும்முனையில் ஒரு முனை, அதாவது ஒரு பேஸ், பியூஸ் போயிருக்கிறது. மீதி இரண்டு பேசில் ஸ்டார்ட்டர் இழுத்துக்கொண்டது. மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்று, சூடேறி, எரிந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் காப்பாற்றத்தான் ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. பெரியம்மாவின் ஸ்டார்ட்டரில் அதை எந்தக் காலத்திலோ எவரோ டைரக்ட் செய்துவிட்டிருந்தார்கள், அதாவது அதைத் தாண்டிக் கம்பியை நேராக இணைத்துவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பாதி ஸ்டார்ட்டர்களின் கதி இதுதான்.

மோட்டாரைக் கழற்றி டி.வி.எஸ். எக்செல் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்ட, பையன் பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். இறக்கி வைத்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செடியில் காய் பிடித்திருந்த நேரம். மூன்று நாள் தண்ணீர் இல்லை என்றால் பூ உதிரும். குத்தகைக்கு இருக்கிறவர்கள் நிலத்துக்காரர் மோட்டாரை எரித்துவிட்டார்கள் என்றால் ஊரில் என்ன பேச்சு வரும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளூரில் பேச ஆரம்பித்தும் விட்டார்கள். “சின்னப் பையன் கையில ஸ்டார்ட்டரக் குடுத்தா இப்படித்தான்.”

அப்பா திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. மோட்டாரைப் பிரித்து, காயில் கட்டியிருக்கும் வெளிப்பாகமான ஸ்டேட்டரை வெளிச்சத்துக்கு உருட்டி வந்து, “உள்ள பாரு” என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். வட்டமாகக் கட்டியிருந்த காயிலில் ஒரு செட் கருகியிருந்தது. பக்கத்தில் இன்னொரு செட், அதுவும் கரி. மூன்றாவது செட் மட்டும், நேற்றுக் கட்டியது மாதிரி, செம்புச் சிவப்பாகப் பளிச்சென்று இருந்தது. அதே வரிசை எதிர்ப் பக்கமும். “ரெண்டு கருப்பு, ஒண்ணு செவப்பு. இத வெச்சே சொல்லிடலாம், ஒரு பேஸ் இல்லாம நின்னுருக்கு. மூணும் கருகியிருந்தா கத வேற” என்றார். பையன் விரலால் அந்தச் சிவப்புக் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அப்பா கேட்டார்: “உங்கம்மா கையால பட்டன் அமுக்குனப்போ இப்படி எரிஞ்சிருக்குமா?” எரிந்திருக்காது என்று தலையாட்டினான். “ஏன்?” பதில் இல்லை. “கை பட்டன்ல இருக்கும்போது காது எங்க இருக்கும்? அங்கதான இருக்கும். உறுமுனா உடனே செவப்புப் பட்டன அமுக்கிடுவா. நீ கைய மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்துட்ட. காது கிணத்துலயே நின்னுபோச்சு.”

முப்பது வருடமாக அப்பா பேசிக் கேட்டவள் நான். இவ்வளவு துல்லியமாக அவர் ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம், “கம்பி என்னுது, கை உன்னுது” என்று உளியை அவன் கையில் கொடுத்தார். கருகிய காயிலின் தலையை வெட்டி, ஒவ்வொரு ஸ்லாட்டிலிருந்தும் கம்பியை உருவி எடுக்க வேண்டும். பழைய காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணித்தான் புதிதைக் கட்ட முடியும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் அதன் குணத்தைக் காட்டிவிடும். கருகிய கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். எண்ணிக்கொண்டே வருவான். பாதியில் தவறிப்போகும். கம்பிகளைப் பிரித்து வைத்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். மூன்று முறை எண்ணினான். மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் எழுதினான். ராத்திரி பதினொன்றரை ஆகியிருந்தது. விரல் நுனியெல்லாம் கரியும் கீறலும்.

மறுநாள் மத்தியானம் பெரியம்மா பஸ் ஏறி வந்தார். தூக்கில் களி உருண்டை, கீரைக் கடைசல். நான் வாசலிலேயே போய் நின்றுகொண்டேன், கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று. பையன் எழுந்து நின்றான். பெரியம்மா அவன் விரல்களைத்தான் முதலில் பார்த்தார். “மொதல்ல துன்னு” என்றார். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை எதுவும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “ஆயா, இனிமே அத மாட்ட மாட்டேன்” என்றான் மெதுவாக.

“ஏன் மாட்டமாட்ட? எரிஞ்சது எரிஞ்சிபோச்சு. உங்கம்மாள மறுபடி இருட்டுல அனுப்பச் சொல்றியா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் சாமி. உங்கத்தாத்தா இருக்கச்சே, ராத்திரி மோட்டார் போட்டுட்டு அங்கயே கட்டில்ல படுத்துக்குவாரு. தொட்டில தண்ணி விழற சத்தம் காத்துல வரும். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் புடிக்கும். உம்பொட்டி வந்ததுலருந்து மோட்டார் ஓடுதா, ஓடலியா, தண்ணி வருதா, வரலியா, ஒண்ணும் தெரியல. ஓடுது ஓடுதுன்னு சொல்ற. எனக்குச் சத்தம் கேக்கணும்.”

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்தார். காது வேண்டும் என்று முந்தின நாள் இவர் சொன்னதும், சத்தம் வேண்டும் என்று இன்று அவர் கேட்டதும் ஒன்றேதான். அந்த நிமிடம் பையனின் முகத்தில் ஏதோ ஒன்று நகர்ந்ததை நான் பார்த்தேன். பட்டன் போனில் இயர்போன் சொருகினால் கால் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். அது எல்லோருக்கும் தெரிந்த வசதிதான். யாரும் அதை அப்படி யோசித்துப் பார்த்ததில்லை. இயர்போனின் மைக்கைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால்? கூப்பிட்டால் போன் தானாக எடுக்கும், தண்ணீர் விழும் சத்தம் பெரியம்மாவின் காதுக்கு வரும்.

இரண்டாவது பெட்டி அப்படித்தான் பிறந்தது. கால் எடுத்துக்கொண்ட பிறகு, கூப்பிட்டவர் ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் போனில் ஒரு தனி ஒலி உண்டு இல்லையா, அதை அடையாளம் கண்டு சொல்ல 8870 என்ற ஐசி, அதாவது ஒரு சின்ன சிப், இருக்கிறது. விளம்பரக் கால்காரர்கள் ஒன்றை அமுக்கப் போவதில்லை. ஐசி பாலக்கோட்டில் கிடைக்கவில்லை, தருமபுரியிலும் கிடைக்கவில்லை. பையனின் அப்பா ஒரு லீவு நாளில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில், நம்பர் எழுதிய துண்டுச் சீட்டைக் காட்டிக் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கிக்கொண்டு வந்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. சட்டைப்பையில் சிகரெட் அட்டைக்குள் மடித்து வைத்து எடுத்து வந்து, “இதுதானாப்பா?” என்று கேட்டபோது அவர் கை லேசாக நடுங்கியதாகப் பையன் சொன்னான். மூன்று பேசும் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் இழுக்கும்படி ஒரு தடுப்பும் சேர்த்தான். அது அப்பாவின் பெட்டியிலிருந்து போனது. ஓவர்லோடு ரிலேயையும் பழையபடி இணைத்தான்.

மலாவியிலும் இதே கதைதான்

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் வில்லியம் கம்குவாம்பா பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2001–02 பஞ்சத்தில் பீஸ் கட்ட வழியில்லாமல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளை. பதினாலு வயசு. நூலகப் புத்தகம் ஒன்றில் காற்றாலைப் படத்தைப் பார்த்து, அதையே வீட்டுக்குப் பின்னால் கட்டி, விளக்கு எரிய வைத்தான். 2007-ல் தான்சானியாவில் ஒரு பெரிய மேடையில் ஏறினான். பின்னாளில் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் 2014-ல் பட்டம் வாங்கினான். அவனைப் பற்றியும் ‘தனி ஒருவனாக’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் அவன் கதையை நிதானமாகப் பார்த்தால் வேறு பலர் தெரிகிறார்கள். நூலகம் இருந்தது அவன் முன்பு படித்த தொடக்கப் பள்ளியில். அதைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒருவர் அவனுக்குப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலம் அரைகுறை என்பதால் படங்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான், எங்கள் பையன் இந்தி வீடியோவில் கையைப் பார்த்தது போல. சைக்கிள் சட்டகம் அப்பாவுடையது. டிராக்டர் விசிறி குப்பைமேட்டில் கிடைத்தது. பிவிசி குழாயைத் தீயில் வாட்டித் தட்டையாக்கி இறக்கை செய்தான். எல்லாம் தயாராகி, மின்சாரம் உண்டாக்க ஒரு சைக்கிள் டைனமோ மட்டும் இல்லாமல் நின்றபோது, அதற்குக் காசு கொடுத்தவன் அவன் சிநேகிதன் கில்பர்ட்.

அந்தச் சிநேகிதனைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஊரே பட்டினி கிடந்து எழுந்த சமயம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டிருந்த ஒருவனுக்கு, பையிலிருந்த காசை எடுத்துக் கொடுக்க எப்படி மனசு வந்தது? வில்லியமின் விடாமுயற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. குப்பைமேட்டில் மாதக்கணக்கில் கிளறியது அவன் கைதான். ஆனால் கில்பர்ட்டின் காசு வராமல் போயிருந்தால் அந்த விடாமுயற்சி விசிறியோடும் குழாயோடும் கொல்லையில் நின்றிருக்கும். நம் ஜி.டி. நாயுடுவைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தை விட்டவர், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் படித்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 1920-ல் அவர் முதல் பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டியதற்குப் பின்னால், ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் செய்த உதவி இருந்தது. அதைச் சொன்னால் நாயுடுவின் பெருமை எந்த விதத்தில் குறைகிறது?

உதவியைச் சொல்லாமல் விடும்போது கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்கள் தப்பித்துக்கொள்கிறோம். அதுதான் என்னை உறுத்துகிறது. அவனாகவே வந்துவிட்டான் என்றால், வராதவன் அவனாகவே வராமல் போனான் என்று ஆகிவிடும். நூலக அக்காவுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? 1948-ல் சென்னை மாகாணத்தில் போட்ட நூலகச் சட்டம் இருக்கிறதே, அதன் வழியாக வந்த நூலக வரி, நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அந்தப் பத்துப் பைசாவும் பையனின் பெட்டிக்குள் இருக்கிறது. அதே ஊரில் அவனைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். எட்டாவதிலேயே கணக்கில் புலி. அவளை அந்தக் கொரோனா வருடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு எந்தக் கடையிலும் காயலான் பெட்டி திறக்கவில்லை. அவளுக்கு விடாமுயற்சி இல்லை என்று எந்த மேடையில் சொல்வது?

கடையில்தான் கிடைக்கிறதே

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “மொபைல் ஸ்டார்ட்டர்தான் கடையிலேயே விற்கிறதே, இதில் கண்டுபிடிப்பு எங்கே?” என்றார். நியாயமான கேள்வி. விற்கிறது. வேளாண் பொறியியல் துறை மானியத்திலும் கொடுக்கிறது. காற்றாலையையும் வில்லியம் கண்டுபிடிக்கவில்லை, அவன் பிறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே அது இருந்தது. ஆனால் கடைப் பெட்டி கெட்டால் ஊரில் எவருக்கும் அதைத் திறக்கத் தெரியாது. கம்பெனி ஆள் வருகிறவரை பழையபடி டார்ச்சும் கோலும்தான். பையனின் பெட்டி கெட்டால், அவன் பாலிடெக்னிக் போயிருந்தாலும், அவன் அம்மா திறப்பார். எந்தக் கம்பி எதற்கு என்று மூடியின் உள்பக்கத்தில் வரைந்து ஒட்டியிருக்கிறான். போன மாதம் எறும்பு கூடு கட்டி ரிலே ஒட்டாமல் போனபோது, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சரிசெய்தது அவர்தான். மானியத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும், குத்தகைக்காரர் பெயரில் அது இருக்காது என்பது இன்னொரு விஷயம்.

அவன் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். பதினோரு பெட்டிக்கும் கணக்கு. எந்தப் போன் யார் கொடுத்தது, எந்த ரிலே எதிலிருந்து கழற்றியது, யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு இவன் எவ்வளவு தர வேண்டும் என்று தேதியோடு இருக்கிறது. முதல் பக்கத்தில், ‘ஆயா மோட்டார் – காப்பர் கம்பி – தாத்தா’ என்று எழுதி, தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். தாத்தா என்று அவன் சொல்வது என் அப்பாவை. அவர் தொகையைச் சொல்லவே மாட்டேன் என்கிறாராம். டீக்கடையில் அன்று அந்த நோட்டைத்தான் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். “மேடையில பேச எனக்கு ரெண்டு நிமிசம் குடுத்திருந்தா இத வாசிச்சிருப்பேன்க்கா” என்றான். கொடுக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரியம்மா கிணற்றின் நம்பர் என் போனில் இருக்கிறது. ஓசூரில் ராத்திரி தூக்கம் வராதபோது எப்போதாவது அழைப்பேன். இரண்டு ரிங்கில் தானாக எடுத்துக்கொள்ளும். கரண்ட் இல்லாத நேரமாக இருந்தால் சில்வண்டுச் சத்தம் மட்டும் வரும். போன வாரம் பதினொரு மணிக்கு அழைத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சிமெண்டில் மோதும் அந்தக் கனத்த சத்தம், நடுவில் ஒரு தவளை, தூரத்தில் எங்கோ நாய். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருப்பேன். பெரியம்மா கூப்பிட்டால் லைன் கிடைக்க வேண்டுமே என்று வைத்துவிட்டேன்.